ஹாரோவில் வாக்களித்தேன், நியூ ஜெர்சியில் எனக்கு என்ன உரிமை?

கேள்வி: வவுனியாவில் பிறந்து 1999-இல் லண்டனுக்கு வந்தவள் நான். ஹாரோவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தோம். 2008-இல் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த காலத்திலேயே, அங்கே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களித்திருக்கிறேன். பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளியின் ஆளுநர் குழுவில் நான்கு ஆண்டுகள் பெற்றோர் பிரதிநிதியாக இருந்தேன். 2019-இல் கணவரின் வேலை காரணமாக நியூ ஜெர்சிக்கு வந்தோம். 2022-இல் கிரீன் கார்டு கிடைத்தது. எங்கள் டவுன்ஷிப் பூங்காவில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுகிறோம். இங்கிலாந்துக்காரர், கயானாக்காரர், இந்தியர், நாங்கள் என்று எல்லோரும் சேர்ந்த குழு அது. பதின்மூன்று வயது மகளும் ஆடுகிறாள். அந்த மைதானத்தை வேறு பயனுக்கு மாற்றுவது பற்றி அடுத்த மாதம் கவுன்சில் விவாதிக்கப்போகிறது. குடிமகளாக இல்லாத நான் அங்கே எழுந்து பேசலாமா? பள்ளிக் கல்வி வாரியத்தில் சேர முடியுமா? பிரித்தானியத் தேர்தலில் எனக்கு இன்னும் வாக்கு உண்டா? அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால் பிரித்தானியக் குடியுரிமை போய்விடுமா? மகனுக்கு இன்னும் மூன்று மாதங்களில் பதினெட்டு வயது நிறைகிறது. மேரிலாந்தில் இருக்கும் என் மச்சாள் குடியுரிமை இல்லாமலே நகரத் தேர்தலில் வாக்களிப்பதாகச் சொல்கிறாள். எனக்கும் சென்ற வாரம் கவுண்டியிலிருந்து வாக்காளர் பதிவு அட்டை ஒன்று தபாலில் வந்தது. விண்ணப்பித்த நினைவில்லை, இருக்கட்டும் என்று இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வரும் முன்பு, கேள்வியாகக் கேட்காமல் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இழுப்பறையில் இருக்கும் அந்த அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், எந்தக் காரியத்துக்கும் எடுத்துக் காட்டவும் வேண்டாம். அது வந்த உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதைக் கொண்டு வாக்களிக்கலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அந்த அட்டை எப்படி வந்திருக்கும் என்பதை என்னால் பெரும்பாலும் ஊகிக்க முடிகிறது. அண்மையில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்திருப்பீர்கள். 1993-இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி, மோட்டார் வாகன அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. நியூ ஜெர்சியில் 2018 முதல் அது தானியங்கியாகவே நடக்கிறது. வேண்டாம் என்று மறுக்காதவர் பதிவாகிவிடுவார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று களைத்த ஒருவர், கவுண்டரில் இருக்கும் சிறிய மின்திரையில் "அடுத்து, அடுத்து" என்று அழுத்திக்கொண்டே போய்க் கடைசியில் கையொப்பம் இடும்போது, நடுவில் "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா" என்று ஒரு கேள்வி வந்துபோனதைக் கவனிக்காமல் விடுவது எளிது.

பிரித்தானியாவிலிருந்து வருகிறவர்கள், அவர்களிலும் நம்மைப் போலக் காமன்வெல்த் நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய் அங்கிருந்து இங்கே வருகிறவர்கள், இந்த இடத்தில் மற்றவர்களைவிட அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் அனுபவம். அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் எவருக்கும் உள்ளாட்சித் தேர்தல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் வரை வாக்குரிமை உண்டு. நீங்கள் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஹாரோவில் வாக்களித்தது முழுக்கச் சட்டப்படியானது. ஆண்டுதோறும் கவுன்சில் வீட்டுக்குக் கடிதம் அனுப்பி, இந்த முகவரியில் வாக்காளர் யார் யார் என்று கேட்கும். பதில் அனுப்பாமல் இருப்பதுதான் அங்கே தவறு. படிவம் வந்தால் நிரப்பி அனுப்புவது நல்ல குடிமைப் பழக்கம் என்று இருபது ஆண்டுகள் கை பழகிவிட்டது. அதே பழக்கம் அமெரிக்காவில் ஒருவருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிடும்.

இங்கே சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் குடியுரிமை பெறாத குடியேறிகளையும் வாக்களிக்க விட்டன. கடைசியாக அந்த வழக்கத்தைக் கைவிட்ட மாநிலம் ஆர்க்கன்சா, 1926-இல். அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1996-இல் நிறைவேறிய சட்டங்கள், குடிமகன் அல்லாத ஒருவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் குற்றமாக்கின. ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம், நாடுகடத்தவும் அது போதுமான காரணம். அதைவிடக் கடுமையானது, "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய்யாகச் சொல்வது பற்றிய விதி. ஏதேனும் ஓர் அரசுப் பயனைப் பெறுவதற்காக அப்படிச் சொன்னதாக முடிவானால், கிரீன் கார்டு பறிபோவதோடு நில்லாமல், மிகச் சிலருக்கே பொருந்தும் குறுகிய விதிவிலக்கு ஒன்றைத் தவிர, மன்னிப்புக்கு வழியே இல்லை. திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற சிலருக்குக்கூட இந்தச் சட்டத்தில் விலக்கு கேட்க இடம் இருக்கிறது; இதற்கு இல்லை. இது நியாயம் என்று நான் கருதவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஒரு செவிலியர் என்னிடம் வந்தார். இதே போன்ற அட்டை ஒன்று அவருக்கும் வந்திருந்தது. நூலகத்தில் உறுப்பினர் ஆகும்போது முகவரிச் சான்றாகக் காட்டியிருக்கிறார்; வாக்குச்சாவடிப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. குடியுரிமை நேர்காணலில், நீங்கள் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா என்று அதிகாரி கேட்டபோது, ஒளிக்க ஒன்றும் இல்லையென்று கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அன்றைக்கு நின்ற விண்ணப்பம் மீண்டும் நகர இரண்டரை ஆண்டுகள் ஆயின. அவரைக் காப்பாற்றியது ஒரு காலிக் கட்டம். அலுவலகத்திலிருந்து படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது, குடிமகனா என்ற கேள்விக்கு எதிரே இருந்த இரண்டு கட்டங்களிலும் எந்தக் குறியும் இல்லை. கீழே கையொப்பம் மட்டும் இருந்தது. தான் குடிமகள் என்று அவர் சொல்லவே இல்லை, பதிவு செய்தது அலுவலகத்தின் பிழை என்று அந்த நகலைக் கொண்டே நிலைநாட்டினோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். அதற்கு முன் கவுண்டிக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்லவோ அவசரக் கடிதம் எழுதவோ வேண்டாம், ஏனென்றால் நீங்கள் எழுதும் முதல் கடிதமே பின்னாளில் உங்கள் கோப்பில் ஆவணமாக நிற்கும். மோட்டார் வாகன அலுவலகத்தில் நீங்கள் கையொப்பமிட்ட பதிவின் நகலை வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள். பிறகு கவுண்டியின் தேர்தல் பதிவு அதிகாரிக்கு, நான் குடிமகள் அல்ல, என் பெயரை நீக்குங்கள் என்று எழுதி, நீக்கியதற்கும் ஒருபோதும் வாக்களிக்காததற்கும் சான்றளித்த நகலைப் பெறுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். "ஆம், பதிவானது" என்று உண்மையை எழுதி, இந்தத் தாள்களை இணைத்துவிட்டால், பிரச்சினை உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களே அதைத் தீர்த்துவிட்டதாக இருக்கும்.

மேரிலாந்தில் உங்கள் மச்சாள் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். அந்த மாநிலத்தின் டகோமா பார்க் நகரம் 1992 முதல், நகரத் தேர்தலில் மட்டும், அங்கே வசிக்கும் எல்லோருக்கும் வாக்குரிமை அளித்திருக்கிறது; அதைப் பின்பற்றிய வேறு சில சிற்றூர்களும் உண்டு. வெர்மான்ட்டில் மான்ட்பீலியர், வினூஸ்கி ஆகிய ஊர்களிலும், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் பெற்றோருக்கும் இத்தகைய உரிமை இருக்கிறது. நியூயார்க் நகரம் கொண்டுவந்த இத்தகைய சட்டத்தை அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2025-இல் செல்லாது என்று தள்ளிவிட்டது. நியூ ஜெர்சியில் உங்களுக்கு அத்தகைய வாக்கு எதுவும் இல்லை. மச்சாளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: தம் பெயர் நகரத்தின் தனிப் பட்டியலில்தான் இருக்கிறதா, மாநிலப் பட்டியலில் கலந்துவிட்டதா என்பதை நகர எழுத்தரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

வாக்குதான் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊர்க் காரியங்களில் பெரும்பாலானவை வேலிக்கு இந்தப் பக்கம், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. இதைப் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்குப் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; பலர் ஒருநாளும் போனதில்லை. இங்கே 1975-ஆம் ஆண்டின் திறந்த பொதுக்கூட்டச் சட்டத்தின் கீழ், நியூ ஜெர்சியின் ஒவ்வொரு நகராட்சி மன்றமும் ஒவ்வொரு கல்வி வாரியமும் தம் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். பெயரையும் வசிக்கும் தெருவையும் கேட்பார்கள், குடியுரிமையைக் கேட்பதில்லை. அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம், பேசவும் கூடவும் குறை தீர்க்கக் கோரவும் உள்ள உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி எழுதவில்லை. இங்கே வசிக்கும் பிறநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945-லேயே சொல்லியிருக்கிறது. இந்நாட்களில் போராட்டங்களில் கைதாவது குடிமகன் அல்லாதவருக்கு ஆபத்தானது, அந்த எச்சரிக்கையை நான் மறைக்கவில்லை. ஆனால் கிரிக்கெட் மைதானத்துக்காக டவுன்ஷிப் கூட்டத்தில் மரியாதையாகப் பேசுவதற்கும் அதற்கும் வெகுதூரம்.

கல்வி வாரியத்தைப் பொறுத்தவரை பதில் "இப்போது முடியாது" என்பதுதான். நியூ ஜெர்சியில் வாரிய உறுப்பினர் அமெரிக்கக் குடிமகனாகவும், அந்த மாவட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளராகவும், குறைந்தது ஓராண்டு அங்கே வசித்தவராகவும் இருக்க வேண்டும். ஹாரோவில் நான்கு ஆண்டுகள் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்ட ஒருவரை வாசலில் நிறுத்துவது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த அனுபவத்துக்கு இங்கே இடம் இல்லாமல் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர் பொறுப்புக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். வாரியத்தின் பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து, ஒரு குறிப்பிட்ட தலைப்பில் சென்ற ஆண்டைவிடத் தொகை ஏன் கூடியது என்று ஒரு பெற்றோர் எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்த அறையில் நாற்காலிகள் நகரும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் குடியிருக்கும் வளாகத்தில் வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். அங்கே வாக்கு வீட்டுப் பத்திரத்தோடு வருவது, கடவுச்சீட்டோடு அல்ல. என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் பலர் அமெரிக்காவில் முதன்முதலாக வாக்களித்ததும் பொறுப்பு வகித்ததும் அந்தச் சங்கத்தில்தான். டவுன்ஷிப்பின் பொழுதுபோக்கு, நூலக, சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுக்களில் குடியுரிமை கேட்கிறார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். டவுன்ஷிப் எழுத்தரைக் கேட்டால் அன்றே தெரிந்துவிடும்.

வேட்பாளர்களுக்காக வேலை செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேர்தல் காலத்தில் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். கிரீன் கார்டு உள்ளவர் ஊதியம் இல்லாமல் வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுக்கலாம், வரம்புக்கு உட்பட்டு நன்கொடையும் கொடுக்கலாம். வேலை விசாவில் இருப்பவர் ஊதியமில்லா உதவி செய்யலாம். உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது. விசாவில் இருக்கும் தம்பியிடமிருந்து பணத்தை வாங்கி உங்கள் பெயரில் காசோலை எழுதுவது இரட்டைக் குற்றம். ஜூரி அழைப்பு வந்தால் அதைக் குப்பையில் போடாமல், நான் குடிமகள் அல்ல என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள். சிலர் ஜூரிப் பணியிலிருந்து தப்ப இப்படிக் குறியிடுவார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. உங்களுக்கு அது உண்மையும் பாதுகாப்பும் ஆகும்.

லண்டனில் பழைய மாணவர் சங்கத்திலோ கோயில் அறக்கட்டளையிலோ நீங்களோ உங்கள் கணவரோ இன்னும் வங்கிக் கையொப்பதாரராக இருக்கிறீர்களா? நம்மவர்களில் பலர் இருக்கிறார்கள். பணம் உங்களுடையதாக இல்லாவிட்டாலும், கையொப்ப அதிகாரம் உள்ள வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அமெரிக்கக் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். ஊர்த் தொண்டு செய்யப்போய் அபராதத்தில் மாட்டிய நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கையொப்பத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தொண்டை மட்டும் தொடருங்கள்.

மகனைப் பற்றி இரண்டு செய்திகள். பதினெட்டு வயது நிறையும் ஆண்பிள்ளைகள், கிரீன் கார்டு உள்ளவர்கள் உட்பட, ராணுவச் சேவைப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். பிறந்தநாளையொட்டிய முப்பது நாட்களுக்குள் அவன் பெயர் பதிவாகிவிட்டதா என்று நீங்களே உறுதிசெய்து, சான்றைக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் அவனுடைய குடியுரிமை விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். மற்றது, தாயோ தந்தையோ குடியுரிமை பெறும்போது, கிரீன் கார்டோடு அவர்களுடன் வாழும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது தானாகவே வந்துசேரும். மகளுக்கு அந்த வாய்ப்பு உண்டு. மகன் அந்த வயதைத் தாண்டிவிடுவதால் தானே விண்ணப்பிக்க வேண்டும்.

பிரித்தானிய வாக்கு உங்களுக்கு இன்னும் இருக்கிறது. முன்பு பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் வாக்கை இழந்துவிடுவார். 2022-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. 2024 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் ஹாரி ஷிண்ட்லர் என்னும் முன்னாள் படைவீரர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் சண்டையிட்டு, பின்னாளில் அங்கேயே குடியேறியவர். வெளிநாட்டில் வாழ்கிறோம் என்பதற்காக நாட்டைவிட்டு மனத்தால் விலகியதாகக் கொள்ளலாமா என்று நீதிமன்றம் வரை போனார். சட்டம் நிறைவேறியதைப் பார்த்தார். அது நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன், 2023 பிப்ரவரியில், 101-ஆவது வயதில் காலமானார். அவருடைய பெயரைச் சொல்லாமல் இந்த உரிமையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வாக்காளராக இருந்த முகவரிக்குரிய தொகுதியில்தான் பதிவு செய்ய வேண்டும்; உங்களுக்கு அது ஹாரோ. இணையத்தில் சில நிமிட வேலை. கடவுச்சீட்டும் தேசியக் காப்புறுதி எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த வாக்கு நாடாளுமன்றத் தேர்தலுக்கும் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்புக்கும் மட்டுமே. ஹாரோ கவுன்சிலுக்கோ லண்டன் மேயருக்கோ செல்லாது. தபால் வாக்கை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகே வாக்குச்சீட்டு அச்சாகும் என்பதால், அது கடல் தாண்டி வந்து திரும்பிப் போக மிகக் குறைந்த காலமே இருக்கும். 2024 ஜூலை 4 தேர்தலில் வெளிநாட்டு வாக்காளர் பலருக்குச் சீட்டு வந்து சேர்வதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. ஹாரோவில் நீங்கள் நம்பும் ஒருவரைப் பதிலி வாக்காளராக நியமியுங்கள். அவர் தம் புகைப்பட அடையாள அட்டையோடு சாவடிக்குப் போய் உங்களுக்காக வாக்களிப்பார். மகனும், சிறு வயதில் புறப்பட்டு வந்தவன் என்றாலும், முன்பு அங்கே வசித்தவன் என்ற முறையில் பதிவு செய்ய முடியும். பழைய பள்ளிச் சான்றுகளைத் தேடி எடுத்து வையுங்கள். இதனால் உங்கள் கிரீன் கார்டுக்கு எந்தக் குறையும் வராது.

அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால் பிரித்தானியக் குடியுரிமை போகுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போகாது. குடியுரிமை உறுதிமொழியில் "இதுவரை நான் குடியாக இருந்த எந்த அயல்நாட்டு மன்னருக்கும் அரசுக்கும் உள்ள விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திய ஆங்கிலேயர்களை உறுதிமொழி மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஏற்கெனவே ஒரு முறை நாட்டை மாற்றிய உங்களுக்கு அது இன்னும் கனமாக இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில், அந்த வாசகம் பிரித்தானியாவைக் கட்டுப்படுத்தாது. பிரித்தானியக் குடியுரிமையைத் துறக்க விரும்புகிறவர் அங்குள்ள உள்துறை அமைச்சகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, அது பதிவு செய்யப்பட்டால்தான் துறந்தவர் ஆவார். அமெரிக்கக் குடிமகளான பின்பு பிரித்தானியத் தேர்தலில் வாக்களித்தாலும் அமெரிக்கக் குடியுரிமை போகாது. இஸ்ரேலியத் தேர்தலில் வாக்களித்த அஃப்ரொயிம் என்பவரின் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது.

2022-இல் கிரீன் கார்டு பெற்ற நீங்கள், ஐந்து ஆண்டுகள் நிறைவதற்கு 90 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்தாண்டில் பாதிக் காலமாவது உடலால் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆறு மாதங்களைத் தாண்டும் பயணம் எதுவும் வேண்டாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்குக் குடிமைத் தேர்வு கடினமாகியிருக்கிறது: 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். குடியுரிமை வந்த பிறகு, அமெரிக்காவுக்குள் நுழைய அமெரிக்கக் கடவுச்சீட்டு கட்டாயம். பிரித்தானியாவும் தன் குடிமக்களுக்கு மின்னணுப் பயண அனுமதி வழங்குவதில்லை; எனவே அந்தக் கடவுச்சீட்டையும் காலாவதியாக விடாதீர்கள். இல்லாவிட்டால் லண்டனில் ஒரு சாவு வீட்டுக்கு அவசரமாகப் புறப்படும் நாளில் விமான நிலையத்தில் நிற்க நேரிடும்.

"பிரித்தானியர் சங்கங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா" என்றும் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள், அடித்ததையும் படித்துவிட்டேன். பிரித்தானியாவில் பிறந்தவர்கள் சுமார் ஏழு லட்சம் பேர் அமெரிக்காவில் வாழ்ந்தாலும், அவர்களுக்கென்று தனிப் பேட்டைகள் பெரிதாக இல்லை. மொழி தெரிந்தவர்கள் என்பதால் கரைந்துவிடுகிறார்கள். அதனாலேயே முதுமையில் தனிமை அவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது. நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் சங்கம் 1770 முதல், அதாவது அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பிருந்தே, நொடிந்துபோன பிரித்தானியருக்கு உதவி வருகிறது. 1909-இல் தோன்றிய டாட்டர்ஸ் ஆஃப் த பிரிட்டிஷ் எம்பயர் என்ற பெண்கள் அமைப்பு முதியோர் இல்லங்களை நிறுவியது. அதன் பெயர் உங்கள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். எம்பயர் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க நம் முன்னோருக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அதில் காமன்வெல்த் நாடுகளில் பிறந்த பெண்களும் சேரலாம் என்பது விதி. இலங்கையில் பிறந்து பிரித்தானியராக வாழ்ந்த நீங்கள் இரு வகையிலும் தகுதி உள்ளவர். தமிழ்ச் சங்கத்துக்குப் போவதும் இதற்குப் போவதும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. போய்ப் பாருங்கள், மனம் ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம்.

இனி மைதானத்துக்கு வருவோம். டவுன்ஷிப்பின் இணையத்தளத்தில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் சில நாட்கள் முன்பே வெளியாகும். உங்கள் விஷயம் எந்த எண்ணில் இருக்கிறது, அது தீர்மானமா, டவுன்ஷிப் சட்ட வரைவா, வெறும் விவாதமா என்று பாருங்கள். வரைவு என்றால் இரண்டாம் வாசிப்பின்போது தனியாகப் பொது விசாரணை நடக்கும், அன்றைக்கும் பேசலாம். ஒருவருக்கு மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ கொடுப்பார்கள். மஞ்சள் விளக்கு எரிந்ததும் பதறிப் பாதியில் நிறுத்தாமல் இருக்க, எழுதி, கடிகாரம் வைத்து வீட்டில் படித்துப் பாருங்கள். பத்துப் பேர் போய் ஒரே குறையைப் பத்து முறை சொல்வதைவிட, ஒருவர் எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்றும், ஒருவர் பக்கத்து வீட்டார் குறை சொன்ன வாகன நெரிசலுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்றும், உங்கள் மகள் தன் வயதுப் பெண்கள் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் பேசும்போது மன்ற உறுப்பினர்கள் தாள்களிலிருந்து தலை நிமிர்வார்கள்.

"இது இந்த ஊருக்கு அந்நியமான ஆட்டம்" என்று யாரேனும் சொன்னால், நியூ ஜெர்சியின் பதிலே போதும்: இங்கிலாந்து கிரிக்கெட் அணி முதன்முதலாகக் கடல் கடந்து ஆடப் புறப்பட்ட 1859-ஆம் ஆண்டுப் பயணத்தில், அது விளையாடிய இடங்களுள் ஒன்று இதே மாநிலத்தின் ஹோபோக்கன். அதற்கும் முன்பே, 1844-இல், அமெரிக்காவும் கனடாவும் நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடியிருக்கின்றன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருக்கிறது என்பதையும் ஒருவர் சொல்லட்டும்.

உங்கள் குழுவில் நடுவராக நிற்கும் முதிய ஆங்கிலேயர் 1988-இல் வந்தவர், கிரீன் கார்டிலேயே இருக்கிறார், "எனக்கு அங்கேயும் வாக்கு இல்லை, இங்கேயும் இல்லை, நான் பேசி என்ன ஆகப்போகிறது" என்று கூட்டத்துக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அவருக்கு 2024 முதல் வாக்கு திரும்பிவிட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். பதிவு செய்ய உட்கார்ந்து உதவுங்கள். பிறகு கூட்டத்துக்கு அழைத்துப் போய், உங்கள் குழுவில் முதலாவதாக அவரையே ஒலிபெருக்கிக்கு முன் நிற்கச் சொல்லுங்கள். தம் பெயரையும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாநிலத்தில் வரி கட்டுவதையும், ஞாயிறு காலையில் அந்தப் புல்வெளியில் யார் யார் வருகிறார்கள் என்பதையும் அவர் சொன்னால் போதும். கூட்டம் முடிந்த பின் எழுத்தரைச் சந்தித்து, நீங்கள் பேசியது நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாகிறதா என்று கேளுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், அடுத்த பருவத்துக்கான மைதான அனுமதி விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்ற தேதியையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.